கங்காணிப் பீலியின் முதல் டம்ளர்

தேத்தண்ணியைக் குடியுங்கள், மகள். பயப்பட வேண்டாம், லுணுகலை டவுனில் வாங்கிய போத்தல் தண்ணீரில் போட்டது. பூவம்மா இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறாள். கல்யாணமான நாள் முதல் எனக்கும் இஞ்சி தட்டித்தான் போடுவாள். இன்று காலை மட்டும் வெறும் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பெண்கள் சில விஷயங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு விளங்கியது. முருகையா நேற்று மத்தியானத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருடைய வயிற்றுக்குள் போனது எந்தப் பூச்சி மருந்து என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும். பெயர் தெரிந்தால் அதற்குரிய வைத்தியத்தைச் செய்துவிடலாம், தெரியாமல் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நேரம் போகப் போக ஆள் கையை விட்டுப் போகிறார் என்று அவர் உங்களிடம் போனில் சொல்லியிருக்கிறார். நியாயமான கவலைதான். பெயர் எனக்குத் தெரியும். சொல்லத்தான் போகிறேன். ஆனால் ஒரு சங்கதியை வாலிலிருந்து தொடங்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. முதலிலிருந்து வருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பதுளைச் சுகாதாரக் காரியாலயத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் போனால் எனக்கு மரியாதை இல்லை.

என் கொள்ளுத்தாத்தா பெரிய கங்காணி. திருச்சிப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்து, காடாகக் கிடந்த இந்தத் தோட்டத்தின் மேமலைப் பிரிவைத் தேயிலை மலையாக்கியவர். மலைக்கு மேலே இருக்கும் ஊற்றைக் கண்டுபிடித்து, மூங்கிலை இரண்டாகப் பிளந்து பீலி வைத்துத் தண்ணீரைக் கீழே இறக்கியவரும் அவர்தான். மூங்கில் போய்த் தகரம் வந்தது, தகரம் போய்ப் பிளாஸ்டிக் குழாய் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் அது கங்காணிப் பீலிதான். அம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பது அந்தப் பீலியடியில். அப்போது மஞ்சளும் வேப்பிலையும் போட்ட முதல் செம்புத் தண்ணீரை எங்கள் வீட்டு ஆண்பிள்ளை வாங்கிக் குடிப்பான். அதற்குப் பிறகுதான் ஊர் குடிக்கும். முதல் மரியாதை என்பது இதுதான். உங்கள் வீடுகளில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி.

இந்த மரியாதையைப் பங்கு கேட்டுக்கொண்டே வந்தவர் முருகையா. நானும் அவரும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். திருவிழாக் கூட்டம் போட்டால் போதும், எழுந்து நின்றுவிடுவார்.

"ஊத்தக் கண்டுபுடிச்சது ஒங்க பாட்டன்னே வச்சுக்குவோம், மச்சான். மம்பட்டியப் புடிச்சது யாரு? எங்க பாட்டன் தோண்டல்லன்னா ஒங்க பாட்டன் வாயத் தொறந்துகிட்டு மலையப் பாத்துகிட்டுல்ல நின்னுருப்பாரு?"

லயத்து வரிசை வீடுகளே சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். ஒரு வருடமாவது ஒரு தரமாவது அந்தச் செம்பை அவர் கையில் கொடுங்கள் என்று அவர் மனைவி இராக்கம்மா பூவம்மாவிடம் வந்து கேட்டுப் பார்த்தாள். அது அரிசியா சீனியா, இரவல் கொடுப்பதற்கு என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படி இருக்கும்போதுதான் நீங்கள் வந்தீர்கள். கோயில் மண்டபத்தில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்து, குடிதண்ணீரில் தற்செயலாக ஏதாவது கலந்துவிட்டால் என்ன செய்வது என்று பாடம் எடுத்தீர்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு உங்கள் பாடம் பிடித்தது. ஒழுங்கு இருந்தது. முதலில் மணி அடி, பிறகு வால்வைப் பூட்டு, குழாயில் சிவப்புத் துணி கட்டு, சேமித்து வைத்த தண்ணீரைப் பகிர்ந்து கொடு, கெட்ட தண்ணீரை ஆற்றில் விடாமல் குழிக்குத் திருப்பு, தொட்டியைக் கழுவு, பரிசோதிக்காமல் திறக்காதே. குழுவுக்குத் தலைவர் யார் என்று கேட்டபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பீலி யாருடையதோ அவர்தான் தலைவர் என்பது சொல்லாமலே தெரிந்திருந்தது. முருகையா மட்டும் கையைத் தூக்கினார். அவருக்கு ஒன்றுக்குப் போக வேண்டுமாம்.

முதல் ஒத்திகை உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் கொண்டுவந்த விசில் காற்றில் கரைந்து போகிறது என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்கச் சொன்னேன். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பாதிப் பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். சிவப்புத் துணி கிடைக்காமல் யாரோ தொழிற்சங்கக் கொடியைக் குழாயில் கட்டிவிட, மீதிப் பேர் வேலைநிறுத்தம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார்கள். தோட்டத்துத் துரை ஜீப்பை எடுத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்கே வந்துவிட்டார். நீங்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு நானே முன்னின்று மறுபடியும் மறுபடியும் பழக்கினேன். கடைசியில் தண்டவாளம் ஒலித்தால் கைப்பிள்ளை கூடக் குழாயிலிருந்து கையை எடுக்கும் அளவுக்கு வந்தது. ஊவா முழுவதும் இப்படி ஒரு லயம் கிடையாது என்று நீங்களே சொன்னீர்கள். சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. கழுவிய தண்ணீரைப் போத்தலில் பிடித்துப் பதுளைக்கு அனுப்பி, சோதித்து, நல்லது என்று காகிதம் வந்த பிறகு குழாயைத் திறக்க வேண்டும் என்றீர்கள். எங்கள் ஆட்கள் காகிதத்தை நம்பித் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், தொண்டையை நம்பித்தான் குடிப்பார்கள் என்றேன். கழுவி முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் முதல் டம்ளரை எங்கள் வீட்டார் குடிக்க வேண்டும், அதைப் பார்த்த பிறகு ஊர் குடிக்கும் என்று திட்டத்தில் சேர்க்கச் சொன்னேன்.

நீங்கள் யோசித்தீர்கள். "சரி பெரியவர், ஒங்கட ஆசைக்கு வெச்சிக்கொள்ளுங்க. ஆனா ரிசல்ட் வந்த பொறகுதான்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். 'ஆனா' என்ற சொல்லுக்குப் பிறகு வந்ததை மட்டும் ஊருக்கு அறிவிக்கவில்லை. அது மரியாதையின் எடையைக் குறைப்பதாகப் பட்டது.

போன் அடிக்கிறது, எடுங்கள்.

வியர்வை இன்னும் நிற்கவில்லையாமா? வாயில் நுரையும் வருகிறதா? முருகையாவுக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் கொஞ்சம் கூட்டிக் காட்டும் சுபாவம். சரி, சரி, கோபப்படாதீர்கள். வேகமாகச் சொல்கிறேன்.

என் மகன் தயாபரனுக்குத் தேயிலையில் மனம் ஒட்டவில்லை. ஊற்றுக்கு மேலே இருக்கும் துண்டு நிலத்தில் போஞ்சி போட்டான். நன்றாகவே காய்த்தது. போன கூட்டத்தில் முருகையா எழுந்து, ஊற்றுக்கு மேலே மருந்தடித்தால் என்றைக்காவது தண்ணீரில் இறங்கும், போஞ்சியை வேறு இடத்தில் போடச் சொல்லுங்கள் என்றார். உங்கள் பாடத்தைக் கேட்டுவிட்டு அதையே என் மேல் திருப்புகிறார் என்று தெரிந்தது. நான் எழுந்து, இந்தத் தண்ணீரைக் கொண்டுவந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இந்தத் தண்ணீரைக் காப்பாற்றத் தெரியும், என் பிள்ளையால் இதில் ஒரு துளி கலந்தாலும் நான் முதல் மரியாதையை விட்டுக்கொடுத்துவிட்டு இந்த ஊரை விட்டே போகிறேன் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டுகிற அளவுக்கு ஒரு பேச்சைப் பேசிவிட்டால் அதற்குப் பிறகு மனிதன் பேச்சுக்குத்தான் கட்டுப்பட்டவன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் தயாபரன் செருப்பில்லாமல் ஓடி வந்தான்.

"அப்பா, மருந்துக் கேன் உருண்டுருச்சுப்பா. மூடி கழண்டு ஊத்துத் தொட்டிக்குள்ள போயிருச்சு."

"எவ்வளவு?"

"முழுசும்."

"யாரு பாத்தா?"

"ஒருத்தரும் பாக்கல. அப்பா, வாங்கப்பா, மணிய அடிச்சுச் சொல்லிருவோம்."

எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டேன், யார் பார்த்தது என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். அந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாமல் எழுதுங்கள்.

மணியை நானே போய் அடித்தேன். ஓடி வந்த கூட்டத்தைப் பார்த்து, "ஒத்திகை!" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அதில் என்ன தவறு இருக்கிறது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. நிஜம் என்று சொல்லியிருந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடியிருப்பார்கள், நாலு பேர் விழுந்து காலை உடைத்திருப்பார்கள். ஒத்திகை என்றதும் சிரித்துக்கொண்டே ஒழுங்காகச் செய்தார்கள். வால்வு பூட்டப்பட்டது. குழாய்களில் சிவப்புத் துணி ஏறியது, இந்தத் தடவை கொடி அல்ல, பூவம்மாவின் பழைய பாவாடை. பீப்பாயில் இருந்த தண்ணீர் வீட்டுக்கு வீடு அளந்து கொடுக்கப்பட்டது. தொட்டியில் இருந்ததை ஆற்றுப் பக்கம் ஒரு சொட்டும் விடாமல், நீங்கள் வெட்டிக் கரி நிரப்பச் சொன்ன குழிக்குத் திருப்பினேன். கேனைத் தயாபரன் எடுத்துப் புதைத்தான். பிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம், இரண்டு தடவை. கீழே இருக்கும் சிங்கள ஊரில் ஒரு மாட்டுக்குக்கூட வயிற்று வலி இல்லை, போய்க் கேட்டுப் பாருங்கள். விபத்து நடந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நேற்றைய காலையைப் புத்தகத்தில் போடலாம்.

தயாபரன்தான் இடைஞ்சல் செய்தான். ஆட்கள் முன்னால் வந்து நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவனுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டு, உடனே புறப்பட்டு வெலிமடையில் மாமன் வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவன் அழுதான். கங்காணி வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டு பஸ் ஏறியதை யாரும் பார்க்காமல் இருக்க, குறுக்குப் பாதையில் அனுப்பினேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் முருகையாவின் குரல் கேட்டது.

"ஒத்திகையின்னா முழுசா பண்ணணும், மச்சான். மொதல் டம்ளர் எங்க? ஊரே வாயக் காயப்போட்டுகிட்டு நிக்குது, குடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

மகள், நீங்கள் என் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். லயத்து ஆட்கள் எல்லோரும் பீலியடியில் நிற்கிறார்கள். பூவம்மா ஒன்றும் தெரியாமல், திருவிழாவுக்குச் செய்வதுபோலவே செம்பில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, பீலியைத் திறந்து பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் வீட்டு வெள்ளி டம்ளர் என் கையில் இருக்கிறது. குடிக்க மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். ஏன் என்ற கேள்வி வந்தால் போஞ்சித் தோட்டம் வரும். நாளைக்குக் குடிக்கிறேன் என்றால் முருகையா உங்களுக்குப் போன் போடுவார், நீங்கள் போத்தலோடு வருவீர்கள், பதுளையிலிருந்து காகிதம் வரும். குடித்தால், நான் குடித்தவனாக இருப்பேன். வெள்ளிக்கிழமை திருவிழா. கரகத்துக்கு முன்னால் நிற்க இந்த வீட்டில் ஆள் வேண்டாமா?

அப்போது எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. இத்தனை வருடமாக அந்த மனிதன் கேட்டது ஒரே ஒரு டம்ளர். மம்பட்டி பிடித்தது அவர் பாட்டன் என்பதும் பொய்யில்லை. என் தகப்பனாரே சாகிற காலத்தில் அதைச் சொல்லிவிட்டுத்தான் செத்தார். நான்தான் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

"முருகையா, வாங்க," என்றேன். ஊர் முன்னால் அவரை நான் 'வாங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இந்த வருசம் மொதல் மரியாத ஒங்களுக்கு."

முருகையா என்னைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து விட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"மச்சான், வெளயாடாதீங்க."

"வெளயாட்டு இல்ல. புடிங்க."

இராக்கம்மா பெண்கள் கூட்டத்துக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாரோ குலவை போட்டார்கள். முருகையா இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினார். மலைப் பக்கம் திரும்பி, பாட்டன் பெயரைச் சொன்னார். பிறகு அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"என்னா மச்சான், ஒரு மாதிரி காந்துது?"

"மஞ்ச கொஞ்சம் கூடிப்போச்சு," என்றேன்.

"அதுவும் சரிதான்," என்று வாயைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை மறுபடி நீட்டினார். "இன்னொன்னு குடுங்க. எங்க அப்பாவுக்காக."

இரண்டாவது டம்ளரை நான் கொடுக்கவில்லை. இதை நன்றாக அழுத்தி எழுதுங்கள். கொடுத்திருக்கலாம். அவர் கெஞ்சினார். கொடுக்கவில்லை.

பிறகு ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயைப் பார்த்து நகர்ந்தது. நான் கையைத் தூக்கினேன். முதல் மரியாதை கைமாறுகிற அன்று, மறுநாள் விடியும் வரை குழாயை ஓய விடுவது எங்கள் குடும்ப வழக்கம் என்றேன். அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிடம் வரை உலகத்தில் இருந்ததில்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆமா ஆமா, எங்க ஆத்தாவும் சொல்லும் என்று ஒரு கிழவி எனக்கு ஒத்தாசையும் செய்தாள். இன்று விடிந்த பிறகும் வால்வைத் திறக்க நான் விடவில்லை, இந்த லயத்தில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை வேறு ஒருவரும் ஒரு வாய் குடிக்கவில்லை. என்னுடைய பொறுப்பில் இருந்தவர்களை நான் காப்பாற்றியிருக்கிறேன். முருகையாவும் என் பொறுப்பில் இருந்தவர்தானே என்று நீங்கள் கேட்க வருகிறீர்கள். அவர் எப்போதும் என் பொறுப்புக்கு வெளியேதான் நின்றார், கூட்டத்துக்குக் கூட்டம் அதைத்தான் நிரூபித்தார்.

அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டி, முதல் மரியாதை வாங்கிய கதையைச் சொல்லியிருக்கிறார். கடைசிக் கதவில் சொல்லி முடிக்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வாந்தி, வியர்வை, கண் மங்கல். கண்ணு பட்டுருச்சு என்று இராக்கம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லையாம், அதனால் பெரிய கண்ணாம். பிறகு ஆட்டோவில் ஏற்றினார்கள். நானும் கூடப் போனேன். அவருடைய தலை என் மடியில்தான் இருந்தது. "மச்சான், சந்தோசம் தாங்கல மச்சான்," என்றார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன குடித்தார் என்று கேட்டார். தண்ணீர் என்று எல்லோரும் சொன்னார்கள். வேறு ஏதாவது இருக்குமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார், வேட்டியும் சால்வையுமாக நான்தான் அங்கே பார்க்கிற மாதிரி இருந்தேன். கள்ளச் சாராயம், கசிப்பாக இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன், குடித்தார் என்று சொல்லவில்லை. முருகையா மாலை போட்டு மலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து கசிப்பைக் கையால் தொட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் டொக்டர் அதைக் கேட்கவில்லை. அந்தப் பேச்சை வைத்து நேற்று முழுவதும் வேறு வைத்தியம் நடந்திருந்தால், அது அவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்காததன் பலன்.

என்ன? மீன் போத்தலா?

நீங்கள் வாசலில் நுழையும்போதே பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நல்ல கண். ஆமாம், நீங்கள் கொடுத்த மீன்கள்தான். தண்ணீர் கெட்டிருந்தால் மனிதருக்கு முன்னால் மீனுக்குத் தெரியும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். லயத்துப் பிள்ளைகள் அவற்றுக்குச் சினிமாக்காரர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். கழுவிய தொட்டியில் இறங்கிய தண்ணீரைப் பிடித்து, மீன்களை அதில் விட்டேன். திட்டத்தில் இருக்கிற ஒன்றையும் நான் விடவில்லை. கொஞ்ச நேரம் சுற்றின. பிறகு ஒவ்வொன்றாக வயிற்றை மேலே காட்டின. குழாய்க்குள்ளும் ஊற்றின் சேற்றுக்குள்ளும் மருந்து இன்னும் தங்கியிருக்கிறது என்று புரிந்தது. பிள்ளைகள் எட்டிப் பார்த்து, என்னா தாத்தா மல்லாந்து கெடக்கு என்றார்கள். தூங்குதுங்க, சத்தம் போடாதீங்க என்று போத்தலைச் சால்வைக்குள் எடுத்துக்கொண்டேன்.

எப்போது என்கிறீர்களா?

முதல் டம்ளருக்கு முன்னால். முருகையா குரல் கொடுத்தபோது போத்தல் என் சால்வைக்குள்தான் இருந்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தேத்தண்ணியும் ஆறிப்போயிற்று. வேறு போடச் சொல்லட்டுமா?

இதோ, குசினி வாசலில் பூவம்மா வந்து நிற்கிறாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

நேற்று இரவு என்னைக் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டவள், பார்த்தீர்களா, உங்கள் முன்னால், என்னைப் பார்த்துக் கேட்கிறாள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து வெளியாள் இருக்கும்போது அவள் குரல் இந்த அறைக்குள் வந்ததில்லை. நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது, மகள். இந்தப் பிரிவில் அந்த மருந்தை வாங்குகிறவன் தயாபரன் ஒருவன்தான். மருந்தின் பெயரைச் சொன்னால் அவன் பெயரையே சொன்ன மாதிரி. ஒரு பக்கம் முருகையாவின் உயிர், ஒரு பக்கம் ஒரு குடும்பத்தின் பெயர். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க ஒரு இரவாவது வேண்டாமா?

"அந்த மனுசன் சாகக் கெடக்காரு. கேக்குறேன்ல?"

போதும் பூவம்மா. கங்காணி வீட்டில் பெண்பிள்ளை முந்திக்கொண்டு சொன்னாள் என்ற பேச்சு வர வேண்டாம். நானே சொல்கிறேன். எழுதுங்கள், மகள். இங்கிலீஷ் பெயர், எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்.

அவ்வளவுதான். அதேதான். போன் போடுங்கள், டொக்டருக்கும் அப்படியே எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

பேசிவிட்டீர்களா? என்ன சொன்னார்? இது நேற்றே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாரா. இப்போது கொடுத்துப் பார்க்கலாம் என்றாரா. பார்க்கலாம் என்றால் பார்க்கலாம். முருகையா லேசில் எதையும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? பூவம்மா, பிள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடு. வேண்டாமா? சரி.

எழுதியதை ஒரு தரம் வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

'தயாபரனின் கவனக்குறைவால் மருந்து ஊற்றில் விழுந்தது. அதை மறைப்பதற்காக அவருடைய தந்தை வைரவநாதன், தண்ணீரில் நஞ்சு இருப்பதை அறிந்தே, முருகையாவுக்குக் குடிக்கக் கொடுத்தார்.'

கையெழுத்து நன்றாக இருக்கிறது. இரண்டாவது வரியில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அறிந்தேதான் கொடுத்தேன், அப்படியே இருக்கட்டும். முதல் வரியை வெட்டிவிட்டு, மருந்தையும் வைரவநாதனே திட்டமிட்டு ஊற்றினார் என்று போடுங்கள். பொலிஸ் ஜீப் வாசலுக்கு வரட்டும், நான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு நடுப்பாதையில் நடந்து போய் ஏறிக்கொள்கிறேன். கொலைகாரன் என்று ஊர் என்னைச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், அதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும். ஆனால் கவனக்குறைவு என்ற சொல் மட்டும் எங்கள் குடும்பத்தின் மேல் விழ நான் சம்மதிக்க மாட்டேன்.